இலையா, மீனா: திருவக்கரைக் கல்மரங்களிலிருந்து தொடக்ககாலக் கிரேக்கச் சிந்தனையைப் பார்த்தல்

1. கேள்வி

வானூர் வட்டத்துத் திருவக்கரைக்குப் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளோடு திரும்புவார்கள். ஒன்று கோயில் வாசலில் கிடைப்பது. வக்கராசுரனைத் திருமால் வதைத்தார், அவன் தங்கை துன்முகியை வக்கிரகாளி வதைத்தாள். ஊரைச் சுற்றி உருண்டு கிடக்கும் கற்கள் அந்த அசுரனின் எலும்புகள். மற்றது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலியிட்டுக் காக்கும் கல்மரப் பூங்காவில் கிடைப்பது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்தன. மரத்தின் திசுக்களில் சிலிக்கா புகுந்து அவை கல்லாயின. கிளையும் வேரும் பட்டையும் இல்லாமல் அடிமரங்களாகவே அவை படுத்துக் கிடப்பதால், அங்கேயே வளர்ந்த காடு அன்று, எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை என்று கொள்கிறார்கள்.

இந்த இரண்டு கதைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க நமக்குப் பழக்கமான கோல் ஒன்று உண்டு: புராணத்திலிருந்து பகுத்தறிவுக்கு. இதே கோலைக் கிரேக்கத்திற்கும் நீட்டியிருக்கிறார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்தில் தேலீஸ் என்பவர் எல்லாவற்றுக்கும் முதல் நீர் என்றார். அன்றோடு கடவுளர் கதை முடிந்து தத்துவம் தொடங்கியது என்பது பாடநூல் வாசகம். ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் நெஸ்லே 1940-இல் ‘புராணத்திலிருந்து அறிவுக்கு’ என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்பே, 1912-இல், எஃப். எம். கார்ன்ஃபோர்டு இதற்கு நேரெதிராகச் சொல்லியிருந்தார்: கிரேக்கத் தத்துவத்தின் அடிப்படைக் கருத்துகள் பழைய சமயத்தின் கருவிலிருந்தே வந்தவை.

சாக்ரட்டீசுக்கு முந்தைய இந்தச் சிந்தனையாளர்களிடம் உண்மையில் புதிதாக இருந்தது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நம்மூரில் சாக்ரட்டீஸ் அறிமுகமானவர். 1956-இல் வந்த ‘ராஜா ராணி’ படத்தில், கலைஞர் வசனத்தில், சிவாஜி கணேசனே நஞ்சருந்திக் காட்டிவிட்டார். அவருக்கு முன்னால் ஒன்றரை நூற்றாண்டாக நடந்த வாதத்துக்கு அப்படி ஒரு மேடை வாய்க்கவில்லை.

2. எதிராளியின் கையில் பிழைத்தவை

சான்றுகளின் நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். இவர்களில் எவருடைய நூலும் முழுதாகக் கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை பிறர் எடுத்தாண்ட வரிகளும், பிறர் சுருக்கிச் சொன்ன கருத்துகளும். தேலீஸ் எழுதியதாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அரிஸ்டாட்டில் தம் கொள்கைக்கு முன்னுரையாக இவர்களை வரிசைப்படுத்தினார். அவர் மாணவர் தியோஃபிராஸ்டஸ் தொகுத்தார். சிம்ப்ளீசியஸ் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கி.பி. ஆறாம் நூற்றாண்டில், அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதும்போது நீண்ட பகுதிகளை எடுத்தாண்டு காப்பாற்றினார். இவற்றையெல்லாம் திரட்டி ஹெர்மன் டீல்ஸ் 1903-இல் வெளியிட்ட தொகுப்பே இன்றைய ஆய்வுக்கு அடித்தளம்.

தமிழ் வாசகருக்கு இந்த நிலைமை விளங்காததல்ல. குண்டலகேசி போய்விட்டது. அதிலிருந்து கிடைத்திருக்கும் சில பாடல்கள், அதை மறுக்கப் பிறந்த நீலகேசியின் உரையாலும் புறத்திரட்டு போன்ற தொகுப்புகளாலும் கிடைத்தவை. பௌத்தத்தின் குரலைச் சமணர் ஏட்டில் தேடுகிறோம். கிரேக்கத்திலும் இதே கதைதான். மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த ஹிப்போலிட்டஸ் என்னும் கிறித்தவ குருவின் பெயரில் வழங்கும் ஒரு மறுப்பு நூல், கிறித்தவத்திலிருந்து திரிந்த கொள்கையர் எல்லாரும் கிரேக்கத் தத்துவத்திடம் கடன் வாங்கிக் கெட்டவர்கள் என்று நிறுவப் புறப்பட்டது. நிறுவும் ஆவலில் தத்துவவாதிகளின் கருத்துகளை வரிசையாக எழுதி வைத்தது. பகையே காவலாயிற்று. நான் அடுத்துப் பேசப்போகும் சான்றும் அந்த நூலின் முதல் பகுதியிலிருந்தே வருகிறது.

இதனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிராளி காப்பாற்றிய வாக்கு எதிராளிக்குத் தேவைப்பட்ட வாக்கு. எது விடுபட்டது என்று அறிய வழியில்லாதபோது, ‘கிரேக்கர் கடவுளை விட்டார்கள்’ என்பதுபோன்ற மொத்த முடிவுகளுக்கு இந்தத் துணுக்குகள் தாங்கா.

3. சிரக்கூஸ், பாரோஸ், மால்டா

கொலோஃபோன் ஊர்க்காரர் செனோபனிஸ். கி.மு. 570 வாக்கில் பிறந்தவர். இருபத்தைந்து வயதில் தொடங்கி அறுபத்தேழு ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்ததாகத் தம் கவிதையிலேயே கணக்குச் சொன்னவர். நம் பாணர் மரபில் வைத்துப் பார்க்கத்தக்க அலைச்சல். அவரைப் பற்றி ஹிப்போலிட்டஸ் தரும் செய்தி இது. நிலம் ஒரு காலத்தில் கடலோடு கலந்து சேறாக இருந்தது என்று செனோபனிஸ் கருதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகள்: உள்நாட்டிலும் மலைகளிலும் கிளிஞ்சல்கள் கிடைக்கின்றன, சிரக்கூஸ் நகரத்துக் கல் குவாரிகளில் மீனின் பதிவு இருக்கிறது, பாரோஸ் தீவில் பாறையின் ஆழத்தில் ஒரு பதிவு, மால்டாவில் கடல்வாழ் உயிர்கள் பலவற்றின் தட்டையான பதிவுகள். எல்லாம் சேறாக இருந்தபோது பதிந்து, சேறு காய்ந்தபோது நிலைத்தன. நிலம் மறுபடி கடலுக்குள் இறங்கிச் சேறாகும், மனிதர் அழிவர், பிறகு மறுபடியும் தோற்றம் தொடங்கும்.

இதைத் திருவக்கரைக் கதையோடு வைத்துப் பார்க்கலாம். முதலில் கோயில் கதைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அது மூடக் கதை என்று தள்ளுகிறவர்கள் அதில் உள்ள கூர்ந்த பார்வையைத் தவறவிடுகிறார்கள். இந்தக் கல் ஒருகாலத்தில் உயிரோடு இருந்த ஒன்றின் உடல் என்று அந்தக் கதை கண்டுகொண்டது. மரத்தை எலும்பு என்றது பிழை. கல்லில் உயிரின் மிச்சத்தைக் கண்டது பிழையன்று. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில்கூட இத்தகைய கற்களை இயற்கையின் விளையாட்டு, பாறைக்குள் தானே முளைத்த வடிவம் என்று சொன்ன படித்தவர்கள் இருந்தார்கள். நிக்கோலஸ் ஸ்டெனோ 1660களில் சுறாப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு வாதாட வேண்டியிருந்தது. அந்த வகையில் வக்கராசுரன் கதை சொன்னவர் ஸ்டெனோவின் பக்கம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? கடவுள் வந்ததிலும் வராததிலும் அதைத் தேட வேண்டாம் என்பது என் வாதம். வக்கராசுரன் கதை திருவக்கரைக்கு மட்டுமே உரியது. ஊர்ப் பெயர், அம்மன் பெயர், கல் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது. அதுவே அதன் வேலை, அதை அது நன்றாகச் செய்கிறது. செனோபனிஸ் மூன்று ஊர்களை அடுத்தடுத்து வைக்கிறார். சிரக்கூசின் மீனுக்குச் சிரக்கூசில் ஒரு கதை இருந்திருக்கலாம், மால்டாவின் பதிவுக்கு மால்டாவில் வேறொன்று. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்த கணத்தில் எந்த ஊர்க் கதையும் போதாமல் போகிறது. ஊர்களுக்குப் பொதுவான ஒரு காரணம் தேவைப்படுகிறது. அறுபத்தேழு ஆண்டு அலைச்சல் இல்லாத ஒருவருக்கு இந்தக் கோவை தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

நம் வட்டாரத்துக்கே இதற்கு ஓர் இணை உண்டு. திருவக்கரை மரங்கள் ஒருபுறம் இருக்க, வழுதாவூர், துருவை, சேதராப்பட்டு வட்டாரத்து மண்ணில் கடல் கிளிஞ்சல்களும், அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுயிர்களும் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றில் பல ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமை உடையவை. வழுதாவூரும் வானூரும் புவியியலாளர் அடுக்குகளுக்குச் சூட்டிய பெயர்களாகவே ஆகிவிட்டன. கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் திரட்டி அனுப்பிய கல்லுயிர்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் ஆராய்ந்து எழுதியபோது, புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி என மூன்று இடத்துப் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசினார். இடங்களைக் கோப்பது இன்றும் முறையின் முதல் படியாகவே இருக்கிறது.

செனோபனிஸை நவீன அறிவியலாளராக்கிவிடும் ஆசைக்கு இங்கே அணை போட வேண்டும். அவரே சூரியன் தினமும் புதிதாகத் தோன்றுகிறது என்று நம்பினார். கடவுளை அவர் விடவும் இல்லை. எத்தியோப்பியர் தம் கடவுளரைக் கறுப்பாகவும் சப்பை மூக்கோடும், திரேசியர் நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாகவும் எண்ணுவதைக் கேலி செய்துவிட்டு, மனித வடிவில்லாத, இருந்த இடத்திலிருந்தே மனத்தால் யாவற்றையும் அசைக்கும் ஒரு பெரிய கடவுளைப் பாடினார். கடவுளர் பற்றியும் பிறவற்றைப் பற்றியும் தெளிந்த உண்மையை எந்த மனிதரும் கண்டதில்லை என்று எழுதியவரும் அவரே. தேடத் தேட மேலானது கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். கேலியின் உத்தியும் கல்லில் கண்ட அதே உத்திதான்: பல ஊர்க் கடவுளரை அருகருகே நிறுத்திவிட்டால் ஒவ்வொன்றும் தன் ஊரின் முகமாகத் தெரிகிறது.

4. ஆசிரியரை மறுத்தவர்கள்

மிலேட்டஸ் நகரத்து மூவர் வரிசையில் இந்தப் பொதுமைத் தேட்டம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. தேலீஸ் நிலம் நீரில் மிதக்கிறது என்றார். அனாக்சிமாண்டர் நிலத்துக்குத் தாங்கலே வேண்டாம் என்றார்; எல்லாப் பக்கமும் ஒரே தொலைவில் இருப்பதால் அது எந்தப் பக்கமும் விழக் காரணமில்லை. முரசு வடிவ நிலம் என்ற அவர் கற்பனை தவறுதான். ஆனால் ஆமையும் யானையும் வேண்டாத விளக்கம் இது. அதுவரை யாரும் எடுக்காத துணிவு. நீர் முதல் என்றால் நெருப்பு எப்படி வரும் என்ற இடரை உணர்ந்தவர்போல, எல்லைக்கு உட்படாத, பெயரில்லாத ஒன்றை அவர் முதலாக வைத்தார். அடுத்து வந்த அனாக்சிமினிஸ் பெயரில்லாததை விட்டு, காற்று என்றார். அது இறுகினால் குளிரும், தளர்ந்தால் சூடாகும். சான்று? சூடான கஞ்சியை ஆற்ற உதட்டைக் குவித்து ஊதுகிறோம், மார்கழிக் குளிரில் உள்ளங்கையைச் சூடாக்க வாயைத் திறந்து ‘ஹா’ என்கிறோம். உதட்டையும் வாயையும்தான் அவரும் சான்றாகக் காட்டினார். கஞ்சியும் மார்கழியும் நான் சேர்த்தவை. அவர் தந்த காரணம் தவறு. ஆனால் எவரும் இருந்த இடத்தில் செய்து பார்த்து மறுக்கலாம்.

கார்ல் பாப்பர் 1958-இல் ஆற்றிய உரையில் இதையே பிடித்துக்கொண்டார். உபதேசத்தை மாற்றாமல் காப்பது பள்ளியின் கடமையாக இருந்த உலகில், ஆசிரியரை வெளிப்படையாக விமர்சிக்கும் பள்ளி முதன்முதல் மிலேட்டசில் தோன்றியது என்றார். அழகான படம். அந்தப் படத்துக்குச் சான்று மெலிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூவரையும் ஆசிரியர், மாணவர் என்று கோத்ததே பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள். அவர்கள் நேரில் வாதிட்டதற்குச் சமகாலச் சான்று இல்லை.

பாப்பர் சொன்னதில் தேறுவது வேறிடத்தில் இருக்கிறது. எபேசஸ் நகரத்து ஹெராக்ளிடஸின் மிஞ்சிய வாக்குகளில் ஒன்று ஹெசியட், பித்தாகரஸ், செனோபனிஸ், ஹெக்கடேயஸ் நால்வரையும் பெயர் சொல்லிச் சாடுகிறது: நிறையக் கற்றும் அறிவு வரவில்லை. முன்னோரைப் பெயர் சொல்லி மறுக்கும் பழக்கம் இருந்தது என்பதற்கு இது போதும். பார்மெனிடிஸ் இன்னும் ஒரு படி போய், மாற்றம் என்பதே எண்ணிப் பார்க்க இயலாதது என்று வாதத்தால் மட்டும் நிறுவ முயன்றார். அவருக்குப் பின் வந்த எம்பிடாக்ளிஸின் நால்வகை வேர்களும், டெமாக்ரிடஸின் அணுவும் வெற்றிடமும் அந்த வாதத்துக்குத் தரப்பட்ட பதில்கள். பதில் என்று சொல்லும்படி ஒரு தொடர் இருக்கிறது; தனித்தனி ஞானவாக்குகளின் கோவையாக அது நின்றுவிடவில்லை.

5. புதுச்சேரியில் ஹெராக்ளிடஸ்

திருவக்கரையிலிருந்து புதுச்சேரி தொலைவில்லை. அங்கே 1916–17-இல் ஸ்ரீ அரவிந்தர் தம் ‘ஆர்யா’ இதழில் ஹெராக்ளிடஸ் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். பூனாவில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஆர். டி. ரானடே எழுதிய சிறு நூலே அதற்குத் தூண்டுதல். இரண்டு இந்தியர், ஒரு கிரேக்கரைப் பற்றி, ஆங்கிலேயரின் மத்தியஸ்தம் இல்லாமல் வாதிட்ட அரிய நிகழ்ச்சி. இன்று வானூர் வட்டத்தின் ஒரு பகுதி ஆரோவில்லாக இருக்கிறது. ஆனால் அரவிந்தரின் அந்தத் தொடரைப் பற்றிய பேச்சைத் தமிழில் நான் அதிகம் கேட்டதில்லை.

ரானடே ஹெராக்ளிடஸை மறைஞானியாக ஏற்கவில்லை. அரவிந்தர் மறுக்கிறார்: அளவோடு மூண்டு அளவோடு அணையும் என்றென்றைக்குமான நெருப்பு வெறும் பௌதிகப் பொருள் அன்று, அதன் பின்னால் வேதத்து அக்னிக்கு உறவான குறியீட்டு மொழி இருக்கிறது, விளையாடும் குழந்தையின் கையில் அரசு என்ற வாக்கு நம் லீலைக் கருத்துக்கு அண்டை வீடு. முடிவில் ஒரு குறையும் காண்கிறார். ஹெராக்ளிடஸ் அறிவையும் ஆற்றலையும் கண்டார், ஆனந்தத்தைக் காணவில்லை என்பது அவர் தீர்ப்பு.

இந்த வாசிப்பின் வலிமை பெரிது. ஹெராக்ளிடஸை வெறும் பௌதிகவாதியாகச் சுருக்கிய பாடநூல் மரபு அவருடைய மொழியின் இருண்மையைக் கண்டுகொள்ளாமல் போனது. அரவிந்தர் அந்த மொழியைக் கவிஞரின் காதால் கேட்டார். ஆனால் இறுதிக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனந்தம் இல்லை என்று சொல்வதற்கு முன், மிஞ்சிய வாக்குகள் எவர் கைவழி வந்தன என்று கேட்டிருக்க வேண்டும். தம் மரபின் அளவுகோலை முழுதாக வைத்துக்கொண்டு, துணுக்காகக் கிடைத்தவரை அளந்தால் துணுக்கில் இல்லாததெல்லாம் குறையாகவே தெரியும். தேலீஸுக்கு இணையாக உத்தாலக ஆருணியை முன்வைத்த தேவிபிரசாத் சட்டோபாத்யாயரிடமும் எதிர்த் திசையில் இதே அவசரத்தைக் காணலாம். ஒருவர் கிரேக்கரை ரிஷியாக்கினார், மற்றவர் ரிஷியை அறிவியலாளராக்கினார்.

6. சொற்களும் ஒரு சிரிப்பும்

மொழிபெயர்ப்பில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. கிரேக்கர் ‘ஆர்க்கே’ என்ற சொல்லால் தொடக்கத்தையும் ஆட்சியையும் ஒருங்கே குறித்தார்கள். தமிழில் ‘முதல்’ இருக்கிறது. அதிலிருந்து முதல்வனும் வருகிறான். ‘லோகோஸ்’ இன்னும் கடினம்: சொல், கணக்கு, விகிதம், காரணம் எல்லாம் அதற்குள். தமிழ் ‘எண்’ தொகையையும் நினைப்பையும் ஒரே வேரில் வைத்திருப்பது அந்தச் சொல்லின் ஒரு பாதியையாவது நமக்குத் திறந்து காட்டுகிறது. ‘வார்த்தை’ என்று மொழிபெயர்த்தால் விவிலிய வாடை வந்துவிடும்.

உள்ளடக்க ஒப்புமைகளுக்கும் பஞ்சமில்லை. பரிபாடலின் இரண்டாம் பாடல் பூதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியதைச் சொல்கிறது. தொல்காப்பிய மரபியல் உலகத்தை ஐம்பூதங்களின் கலப்பாகக் காண்கிறது. மணிமேகலையில் ஆசீவகவாதி அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். இவற்றை வைத்துக் கிரேக்கர் நம்மிடம் கற்றார்கள் என்றோ நாம் அவர்களிடம் கற்றோம் என்றோ எழுதுவது பொழுதுபோக்கு. அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் 1945-இல் தோண்டியெடுத்த மத்தியதரைக்கடல் மட்கலங்கள் செனோபனிஸுக்கு ஐந்து நூற்றாண்டு பிந்திய வணிகத்தின் தடம். ஒயின் வந்ததை அவை காட்டும். ஹெராக்ளிடஸ் வந்ததை எந்த ஓடும் காட்டாது.

ஒப்பிட வேண்டியது முறையை. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில், மாற்றுருவில் ஒரு பெண் பத்துச் சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராகக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி, கண்ணால் காண்பது தவிர அனுமானம் செல்லாது என்கிறான். அவள் சிரித்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். தமிழில் நான் அறிந்த மிகக் கூர்மையான ஒற்றை வரி மறுப்பு அது. கல்லில் மீனைக் கண்டு கடலை ஊகித்த செனோபனிஸ் அவள் பக்கத்தில் நின்றிருப்பார்.

இருந்தும் ஒரு வேறுபாடு தங்குகிறது. மணிமேகலை எங்கே போய்ச் சேர்வாள் என்பது காப்பியம் தொடங்கும்போதே முடிவான செய்தி. பத்துப் பேரும் காஞ்சியில் இருக்கும் அறவண அடிகளை நோக்கிய படிகள். கிரேக்கத் துணுக்குகளில் அப்படி ஓர் அறவணர் இல்லை. அரிஸ்டாட்டில் பின்னால் வந்து தம்மை அந்த இடத்தில் அமர்த்திக்கொண்டார் என்பது வேறு. இந்த முடிவின்மையே அவர்களிடம் எனக்குப் புதிதாகத் தோன்றுவது. ஊர்களைக் கோத்தார்கள், சான்றைப் பிறர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள், பெயர் சொல்லி மறுத்தார்கள், மறுக்கப்பட்டார்கள். விடைகள் ஏறக்குறைய எல்லாம் பிழை.

7. மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்

செனோபனிஸின் சான்றில் ஒன்றை வேண்டுமென்றே மேலே விவரிக்காமல் விட்டேன். பாரோஸ் பாறையின் ஆழத்தில் இருந்த பதிவு எதனுடையது? கையெழுத்துச் சுவடிகளில் இருப்பது புன்னை போன்ற ஒரு நறுமண மரத்தின், லாரல் மரத்தின், இலை. கடலைப் பற்றிய வாதத்தில் இலைக்கு என்ன வேலை என்று எண்ணிய பதிப்பாசிரியர் ஒருவர் ஓரிரு எழுத்தைத் திருத்தி, நெத்திலி போன்ற ஒரு சிறு மீனாக்கினார். பலர் அதை ஏற்றார்கள். சிரக்கூஸ் குவாரியில் மீனோடு சுவடி சொல்லும் ‘கடல்நாய்’களையும் இன்னொருவர் ஓர் உயிரெழுத்தை மாற்றிக் ‘கடற்பாசி’ ஆக்கினார். திருத்தங்கள் பொருத்தமானவை, பொருத்தமாக இருப்பதே எச்சரிக்கை தருகிறது. நம் வாதத்துக்கு வசதியான சான்றை நாமே செதுக்கிக்கொள்கிறோமோ? திருவக்கரையில் நின்று பார்த்தால், கல்லுக்குள் இலை இருப்பது அவ்வளவு நம்பமுடியாததாகவும் தெரியவில்லை.

இந்தத் துணுக்குகளை மூலமொழியிலிருந்து தமிழில் கொண்டுவர முனைகிறவர்கள் நீலகேசிக்கும் யாப்பருங்கல விருத்திக்கும் நம் பதிப்பாசிரியர்கள் காட்டிய கவனத்தைக் காட்ட வேண்டும். எடுத்தாண்டவர் சொல் எது, எடுத்தாளப்பட்டவர் சொல் எது என்று பிரித்து அச்சிட வேண்டும். பாரோஸ் வரி வரும்போது, சுவடியில் உள்ள இலையை உள்ளே வையுங்கள். மீனை அடிக்குறிப்பில் போடுங்கள்.